செக்கரம்மாவின் மகள் கழுத்தை மூடிக்கொண்ட கதை

பணிமனையில் எல்லோரும் அவளைச் செக்கரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடுகிற பேருந்தில் பாதி வழியில் ஏறி, பயணிகளின் டிக்கெட்டைப் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. கண்டக்டராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி மேலே வந்தவள். டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்க அவள் டிக்கெட்டைக் கேட்கவே வேண்டியதில்லை. படியில் கால் வைத்ததும் வண்டி முழுவதையும் ஒரு பார்வை பார்ப்பாள். அந்த நொடியில் திடீரென்று தூக்கம் வந்தவன், ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லாத சுவரை உற்றுப் பார்க்கிறவன், கேட்பதற்கு முன்னாலேயே பையைத் துழாவுகிறவன் என்று எல்லாரையும் மனதுக்குள் குறித்துக்கொண்டுவிடுவாள். பிறகு நேராக அவர்களிடம் போய் நிற்பாள். பெரும்பாலும் தப்பாது.

அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க அவளுக்குத் தெரியவில்லை. காய்கறிக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி புதுப்புடவையோடு வந்து நலம் விசாரித்தால், என்ன கேட்க வந்திருக்கிறாள் என்று யோசிப்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் ஒருநாள் சும்மா பூ வாங்கிக்கொண்டு வந்தார். அன்று முழுவதும் அவர் சட்டைப்பையை மூன்று தடவை தடவிப் பார்த்தாள்.

"உன்கிட்ட நல்ல சேதி சொல்றவனும் டிக்கெட்டோடதான் வரணும் போல" என்று அவர் சிரிப்பார்.

"மடியில கனம் இல்லன்னா வழியில எதுக்குங்க பயம்?" என்பாள் அவள்.

அவர்களுக்கு ஒரே மகள். பதினைந்து வயது. வீட்டில் பாப்பா. சின்ன வயதில், அம்மா யூனிஃபார்மைக் கழற்றுவதற்குள் அன்று பள்ளியில் நடந்த எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடுவாள். யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சர் எந்த வார்த்தையைத் தப்பாக எழுதினார் என்று ஒன்று விடமாட்டாள். ஒன்பதாவது வந்தபோது பேச்சு குறைந்தது. பத்தாவது வந்தபோது அறைக் கதவு சாத்திக்கொண்டது. சாப்பிட வெளியே வருவாள், தட்டோடு உள்ளே போய்விடுவாள். விடுமுறை நாளில் உச்சி வெயில் வரைக்கும் தூங்குவாள். முன்பெல்லாம் மாலையில் கீழே சைக்கிள் ஓட்டுவாள். அந்தச் சைக்கிள் இப்போது மாடிப்படிக்கடியில் காற்றிறங்கிக் கிடந்தது.

"வயசு அப்படி" என்றார் கணவர்.

வயசு அப்படி என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோடையில் மகள் கழுத்தைச் சுற்றித் துணி கட்ட ஆரம்பித்தாள்.

மின்விசிறிக்குக் கீழே நின்றாலே முதுகு நனைகிற வெயில். இவள் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு நீலத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, காதுக்குக் கீழே இறுக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்த வெயில்ல எதுக்குடி கழுத்துல துணி?"

"ஸ்டைல்மா."

"வேர்த்து ஊத்துது பாரு."

"ஊத்தட்டும்."

பேசும்போது மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்வீட்டுச் சுவரைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. செக்கரம்மா அதை மனதுக்குள் குறித்துக்கொண்டாள். கழுத்தை மறைக்கிற பெண் எதை மறைப்பாள்? அவளும் ஒரு காலத்தில் பதினைந்து வயதைத் தாண்டி வந்தவள்தானே.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. குளியலறை அலமாரியில் மகளுக்காக அவள் மாதாமாதம் வாங்கி வைக்கிற நாப்கின் பாக்கெட் பிரிக்கப்படாமலே இருந்தது. அடுத்த மாதமும் அப்படியே. துவைக்கப் போட்ட பள்ளிப் பாவாடையில் ஹூக் நகர்த்தித் தைக்கப்பட்டிருந்தது. ஊசி பிடிக்கத் தெரியாத பெண் தானே தைத்திருந்தாள், கோணல்மாணலாக. காலையில் எதை வைத்தாலும் "வேணாம், ஒரு மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளினாள். முகம் உப்பியிருந்தது, வயிறும் முன்பு போல இல்லை.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தபோது செக்கரம்மா சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கணவரிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னால் அது நடந்ததாகவே ஆகிவிடும் என்று தோன்றியது. அதனால் தனியாகவே விசாரணையில் இறங்கினாள். மகளின் சட்டைகளை முகர்ந்து பார்த்தாள். வேர்வையும் ஏதோ பழ மிட்டாய் வாசனையும் வந்தன. புத்தகப்பையின் அடியில் விரலை விட்டபோது சின்னச் சின்னத் தகர வளையங்கள் தட்டுப்பட்டன. மோதிரம் மாதிரி இருந்தன, ஆனால் மோதிரம் இல்லை. எதன் வளையம் என்று புரியாததால் அதையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகளின் அறையிலிருந்து அடங்கிய குரல் கேட்டது. செக்கரம்மா கதவில் காதை வைத்தாள்.

"இப்ப வராத. நான் சொல்றப்ப வா... அம்மா வீட்லதான் இருக்காங்க, சத்தமாப் பேச முடியாது... பின்பக்கக் கதவு தொறந்துதான் இருக்கு. யாரும் பாக்கல. ம், இப்ப! சீக்கிரம் உள்ள வா!"

செக்கரம்மா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி ஓடி, துணி காயப்போடுகிற பால்கனியில் போய் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் வீடு மூன்றாவது மாடி. பின்பக்கக் கதவே கிடையாது.

வேறு யாராவது அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அப்படியானால் எந்த வீட்டுப் பின்பக்கக் கதவு?

அந்த வாரமே அரைநாள் விடுப்புப் போட்டாள். யூனிஃபார்மை மாற்றி, வழக்கமாகக் கட்டாத ஒரு புடவையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றாள். மணி அடித்தது. கூட்டத்தில் நீலத் துணி தெரிந்தது. கணக்கு டியூஷனுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். மகள் வலது பக்கம் திரும்பினாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு செல்போன் ரிப்பேர் கடை இருந்தது. அதன் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்தாள், குனிந்து உள்ளே போய்விட்டாள். போனவள் வரவில்லை.

செக்கரம்மா விறுவிறுவென்று கடைக்கு நடந்தாள். குனிந்து உள்ளே நுழைந்தாள். மேசையில் ஒல்லியாக, அரைகுறைத் தாடியோடு ஒருவன், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு போனைப் பிரித்துக்கொண்டிருந்தான். இவன்தான் என்று அவள் அந்த இடத்திலேயே முடிவு கட்டினாள்.

"என் பொண்ணு எங்கடா?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "எந்தப் பொண்ணு மேடம்? உள்ள ரெண்டு மூணு பொண்ணுங்க இருக்காங்களே."

ரெண்டு மூணா! அவனைத் தள்ளிவிட்டுத் திரையை விலக்கினாள். உள்ளே சின்ன அறை. சுவரோரம் விளக்கெரிகிற கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கிரேட்டுகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களும் பையன்களுமாக எல்லார் கையிலும் போன், எல்லார் காலடியிலும் கலர் கலராக உயரமான தகர டின்கள். நடுவில் அவள் மகள், நெற்றி வேர்க்க, கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கம் ரெண்டு பேர் போங்க! பின்பக்கக் கதவு தொறந்திருக்கு, உள்ள வாங்க!"

"சரி கேப்டன்!" என்றான் மீசை முளைக்காத ஒரு பையன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

செக்கரம்மா பின்பக்கக் கதவைக் கண்டுபிடித்துவிட்டாள். அது போனுக்குள் இருந்தது.

மகள் நிமிர்ந்தாள். முகம் வெளிறிவிட்டது. "அம்மா..."

அம்மாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் இறங்கவில்லை. விளையாட்டு என்றால் எதற்கு ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது? ஒரு டின்னை எடுத்து மூக்கில் வைத்தாள். அந்தப் பழ மிட்டாய் வாசனை.

"இதுல என்ன கலந்து குடுக்குற?" என்று கடைக்காரனைப் பிடித்தாள்.

"ஐயோ மேடம், கம்பெனியில அடைச்சு வர்றது. நான் தொறக்கறதுகூட இல்ல. அந்த வளையத்துக்கு அடியில ஒரு நம்பர் இருக்கும். அதைப் போட்டா விளையாட்டுல பாயிண்ட் ஏறும். அதுக்காகத்தான் போட்டி போட்டுக் குடிக்கிறாங்க. வெயில் அடிக்குதுன்னு ஷட்டரை இறக்கியிருக்கேன், அவ்வளவுதான்."

புதிதாக ஒன்றை உடைக்கச் சொல்லி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். இனிப்பு பல்லில் ஏறியது. தொண்டைக்குக் கீழே போன பிறகும் நாக்கில் பசை போல ஒட்டியது. இனிப்பைத் தவிர வேறெதுவும் தட்டுப்படவில்லை. டின்னைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள். "யாருடி அவன்?"

"எவன்?"

"நடிக்காத. கழுத்துல துணி, நகர்த்தித் தைச்ச ஹூக்கு, பிரிக்காத பாக்கெட்... எனக்குக் கண்ணு இருக்கு. எத்தனை மாசம்?"

மகளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ கோணிக்கொண்டு அழுகையானது.

"நீ என்னை அப்படியா நெனச்சே?"

நீலத் துணியை அவிழ்த்து அம்மாவின் காலடியில் எறிந்தாள். தலைமுடியைத் தூக்கிக் காட்டினாள். பிடரியில் காதிலிருந்து காது வரைக்கும் கறுப்பாக ஒரு பட்டை. கரி பூசியது போலத் தடித்து, வெல்வெட் மாதிரி மெத்தென்று இருந்தது. அதன் ஓரங்களில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"என்னடி இது? அழுக்கா?"

"தேய்ச்சுப் பாரு. நான் தேய்க்காத நாளே இல்ல. பாத்திரம் தேய்க்கிற நார்லகூடத் தேய்ச்சுட்டேன். கிளாஸ்ல 'குளிக்காதவ'ன்னு பேர் வெச்சுட்டாங்க. அதுக்குத்தான் துணி."

அம்மா அந்த உரிந்த இடத்தில் விரல் வைக்கப்போய் எடுத்துக்கொண்டாள். கழுத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்குள் இருந்த செக்கர் அடங்கவில்லை. "சரி, அந்தப் பாக்கெட்?"

"வரலம்மா. ரெண்டு மூணு மாசமா வரவே இல்ல. ஏன்னு எனக்கே தெரியல. பயமாத்தான் இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இதைத்தான் கேப்பேன்னு தெரியும்."

அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நம்பிவிட்டாளா என்றால், முக்கால்வாசி நம்பினாள். மீதிக் கால்வாசியோடு மறுநாளே மகளைப் பெண்கள் மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய அம்மாள். மகளிடம் தனியாகப் பேசினார், சிறுநீர் எடுத்துச் சோதித்தார், பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க பயந்த மாதிரி எதுவும் இல்ல."

"நிச்சயமாவா டாக்டர்? அவ உங்ககிட்ட, அம்மாகிட்டச் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தா..."

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பஸ்ல டிக்கெட் செக்கர்."

"நெனச்சேன்" என்றார் டாக்டர். பிறகு மகளைப் பார்த்து, "அந்தக் கழுத்தைக் காட்டும்மா" என்றார். பிடரியைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார். அங்கேயும் அதே கறுப்பு. "இதைத் தேய்க்காதே. இது அழுக்கு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரத்தத்துக்கும் வயிற்று ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார். செக்கரம்மா தலையாட்டினாள். காதில் ஒன்றும் ஏறவில்லை. எதுவும் இல்லை என்ற ஒரே சொல்தான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் மனசு பஞ்சாகப் பறந்தது. மகளின் கன்னத்தை வருடி, "உனக்கு என்ன வேணும் சொல்லு, அம்மா வாங்கித் தரேன்" என்றாள். ஆஸ்பத்திரி கேன்டீன் ஃப்ரிட்ஜில் இருந்ததிலேயே பெரிய பாட்டிலை மகள் காட்டினாள். ஆரஞ்சு நிறம். அம்மா தானே மூடியைத் திருகித் திறந்து கொடுத்தாள். பாதியை மகள் ஒரே மூச்சில் குடித்தாள். குடிக்கிற அழகை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அதன் பிறகு ஒரு வாரம் வீட்டு ஃப்ரிட்ஜில் அதுவும் அந்தத் தகர டின்களும் வந்து உட்கார்ந்தன. மறைத்துக் குடிப்பதை வீட்டிலேயே குடிக்கட்டுமே, வெறும் ஜூஸ்தானே என்றாள் கணவரிடம். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் அந்த ஒரு வாரம் எதையும் சந்தேகப்படவில்லை.

முடிவுகளைப் பார்க்க வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்பாவையும் கூட்டி வரச் சொன்னார்கள்.

டாக்டர் காகிதங்களை மேசையில் பரப்பினார். ரத்தத்தில் சர்க்கரை, நோய் என்று சொல்கிற கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது என்றார். ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றார்.

"ஈரலா? குடிக்கிறவங்களுக்குத்தானே அது வரும்?" என்றார் அப்பா.

"இனிப்பாக் குடிச்சாலும் வரும்" என்றார் டாக்டர். "உடம்பு சர்க்கரையைச் சமாளிக்க இன்சுலினைச் சுரந்து சுரந்து தள்ளுது. அது அளவுக்கு மீறிப் போறதோட அடையாளம்தான் இந்தக் கழுத்துக் கறுப்பு. மாசம் தள்ளிப் போறதும் அதே கோளாறாலதான். குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

"எங்க அப்பாவுக்கு" என்றாள் செக்கரம்மா.

"சரி. ஒரு நாளைக்கு எத்தனை டின் குடிப்பே பாப்பா?"

"ஒண்ணு. எப்பவாவது ரெண்டு" என்றாள் மகள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"டாக்டர், நம்பாதீங்க" என்றாள் அம்மா.

மகள் பெருமூச்சு விட்டாள். பிறகு மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே உண்மையைச் சொன்னாள். விளையாட்டு ராத்திரி வெகுநேரம் போகும். காலையில் எழ முடியாது, அதனால் எழுந்ததும் ஒன்று. வகுப்பில் தூக்கம் சொக்கும், அதனால் இடைவேளையில் ஒன்று. கடையில் பாயிண்டுக்கு ஒன்று. ராத்திரி முழித்திருக்க ஒன்று. குடிக்காவிட்டால் தலை பிளக்கும், கை நடுங்கும். குடித்தால் பசிக்காது, அதனால் சோறு வேண்டாம். பிறகு எல்லாரும் தூங்கியதும் பிஸ்கட்.

"சைட்டுக்குப் போயிட்டு வரும்போது நானும் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார் அப்பா மெதுவாக. "கேட்டா. குடுத்தேன்."

செக்கரம்மா அவரைப் பார்த்த பார்வையில் டாக்டரே தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "தூக்கம் இல்ல, நடை இல்ல, பரம்பரையும் இருக்கு. ஆனா உடனே மாத்தக்கூடியது இது. ஒரேயடியா நிறுத்த வேணாம். காபியில இருக்கிற கஃபீன் அந்த டின்லயும் நிறைய இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க, இல்லன்னா தலைவலி தாங்காது. சின்ன வயசு, திரும்பி வந்துடலாம்."

வீட்டுக்கு வந்த செக்கரம்மா, ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு டின்னை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் படித்தாள். முன்பக்கம் பழப் படம், உள்ளே பழம் இல்லை. பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்து. 'ஒருமுறை பரிமாறும் அளவில்' இவ்வளவு சர்க்கரை என்று போட்டிருந்தது. பரவாயில்லையே என்று நினைக்கும்போது அதற்குக் கீழே இன்னும் சின்ன எழுத்தில், டின் ஒன்றில் இரண்டு பரிமாறல் என்றிருந்தது.

"பாத்தீங்களா!" என்று கத்தினாள். "ஒரு டிக்கெட்டைக் காட்டி ரெண்டு பேர் ஏறியிருக்காங்க. பாதி டின்னைக் குடிச்சிட்டு மீதியை எந்தப் பிள்ளைங்க மூடி வைக்கும்? அதை மூடவே முடியாதே!"

அன்றிலிருந்து வீட்டில் சோதனை ஆரம்பித்தது. பள்ளிக்குப் போகும்போது பை, வரும்போது பை. வாயை ஊதச் சொல்லி முகர்ந்தாள். குப்பைக்கூடையைக் கிளறினாள். ரிப்பேர் கடைக்காரனிடம் போய் இனி என் பெண்ணுக்கு விற்கக் கூடாது என்றாள். "நான் விக்கலன்னா அடுத்த கடை மேடம்" என்றான் அவன். அதுவும் உண்மைதான். அந்தத் தெருவில் ஃப்ரிட்ஜ் இல்லாத கடையே இல்லை.

பலன் என்னவென்றால், மகள் இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொண்டாள். சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கிற பம்பு வைத்திருந்த பெட்டியில் டின் இருந்தது. துவைக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தது. ஒருநாள் அப்பாவின் ஸ்பேனர் பையிலேயே இருந்தது. அன்றுதான் வெடித்தது.

"நீ என்னை டிக்கெட் இல்லாம ஏறினவ மாதிரியே பாக்குற!" என்று மகள் கத்தினாள். "இது என் வீடு. இங்கயும் நான் டிக்கெட் காட்டணுமா?"

"நீ ஒழுங்கா இருந்தா நான் எதுக்கு..."

"போதும்" என்றார் கணவர். அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. "லிஃப்ட் நடுவுல நின்னா வெளிய நின்னு கத்துறவங்களப் பாத்திருக்கேன். கத்தக் கத்த உள்ள இருக்கிறவன் தப்புத் தப்பா எல்லா பட்டனையும் அமுக்குவான். முதல்ல உள்ள இருக்கிறவன்கிட்டப் பேசணும். அப்புறம்தான் கதவு."

மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். செக்கரம்மாவுக்குப் பேசாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது, இருந்தாலும் இருந்தாள். மகள் சொன்னாள். வகுப்பில் அவள் குளிக்காதவள். அந்த விளையாட்டில் அவள் கேப்டன். அங்கே யாரும் அவள் கழுத்தைப் பார்ப்பதில்லை, குரலைத்தான் கேட்கிறார்கள். அவள் சொன்னால் இடது பக்கம் போகிறார்கள். "அதை விடச் சொல்லாத. மத்ததுக்கு ஒத்துக்கறேன்."

பேரம் நடந்தது. ஆட்டத்தை மாலைக்கு மாற்றுவதாகவும் ராத்திரி போனை வெளியே வைப்பதாகவும் மகள் ஒத்துக்கொண்டாள். டின்னை ஒவ்வொன்றாகக் குறைப்பதாகவும் சொன்னாள். பையைத் தொடுவதில்லை என்று அம்மா ஒத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு" என்றாள் மகள். "நீ ஒவ்வொரு டிப்போவுலயும் குடிக்கிற டீயில எவ்வளவு சர்க்கரை?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்பா, நம்பாதீங்க" என்றாள் மகள். அந்த வீட்டில் வெகுநாள் கழித்து மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

சொன்னதுபோல எல்லாம் நேராகப் போய்விடவில்லை. முதல் வாரம் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். எரிந்து விழுந்தாள். ஒரு தடவை பழையபடி நிறையக் குடித்துவிட்டு வந்து, தானே அழுதாள். செக்கரம்மா சர்க்கரை இல்லாத டீயை மருந்து போல விழுங்கினாள். டீக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளின் குழுப் பிள்ளைகள் இன்னமும் அந்தக் கிரேட்டுகளில் உட்கார்ந்து குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேப்டன் மட்டும் தண்ணீர் பாட்டிலோடு உட்காருகிறாள். பாயிண்ட் குறைந்து போனது. ஆனாலும் அவளையே கேப்டனாக வைத்திருக்கிறார்கள். அவள் அளவுக்கு யாருக்கும் கதவுகள் தெரியாதாம்.

அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்தார். முதலில் கீழே ஒரு சுற்று, பிறகு பள்ளிக்கு. அடுத்தடுத்த பரிசோதனைகளில் சர்க்கரை மெல்ல இறங்கியது. ஒருநாள் காலை குளியலறைக்குள்ளிருந்து, "அம்மா, அலமாரியில இருந்து பாக்கெட்டை எடுத்துக் குடு" என்று குரல் வந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு, செக்கரம்மா கதவுக்கு வெளியே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழுத்துக் கறுப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை. வெளுத்துக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

போன மாதம் மகள் சிநேகிதி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்கிவிட்டாள். யார் யார் வந்தார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் பையன் எந்தப் பெண்ணைப் பார்த்து உளறினான், கேக் எப்படிச் சரிந்தது என்று நிறுத்தாமல் சொன்னாள். தான் ஒரு கிளாஸ் கலர் சோடா குடித்ததையும், அது இப்போது ரொம்பத் தித்திப்பாக இருந்ததால் மிச்சம் வைத்துவிட்டதையும் கேட்காமலே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

செக்கரம்மா கணவரின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கேட்டீங்களா? ஒண்ணு விடாமச் சொல்றா."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்." அவள் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு உண்மை பேசறாளே, எதை மறைக்கிறா?"